வண்டியை ஓரம் கட்டு!

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பதினொன்றரை இருக்கும். நண்பனை மதுரவாயலில் அவன் அறையில் இறக்கி விட்டு வேலப்பன்சாவடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு லாரிகளும் கன்டெய்னர்களும்தான் ராஜா. ஓரத்தில் பயந்து பயந்து வந்த என் மேல் திடீரென்று டார்ச் வெளிச்சம் விழுந்தது. சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள்.

"தம்பி, வண்டியை ஓரம் கட்டு."

கட்டினேன். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் செல்போனில் காட்டினேன்.

"எங்க போயிட்டு வர்ற?"

"ஃப்ரெண்டை விட்டுட்டு வரேன் சார். வீடு வேலப்பன்சாவடி."

"காலேஜா?"

"ஆமா சார். கடைசி வருஷம்."

பெயர், வண்டி எண், செல் நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "ஏதாவது பிரச்னையா சார்?" என்று கேட்டேன். "வழக்கமான செக்கிங்தான். பார்த்துப் போ" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனால் கதையே வேறு. "நேத்து ராத்திரி ஒரு கொலைகாரனைத் தேடியிருக்காங்க. இந்த ரோட்லதான் போயிருக்கான். இவங்களே நிறுத்தி, பேரைக் கேட்டுட்டு விட்டுட்டாங்களாம்" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "விட்டுட்டாங்களா? வேணும்னே விட்டிருக்காங்கண்ணே. பின்னாடியே போய் மொத்தக் கும்பலையும் பிடிக்க." மூன்றாமவர் இன்னும் விவரமானவர். "அதெல்லாம் இல்லை. நேத்தே பிடிச்சாச்சு. ரெண்டு நாள் கழிச்சு மாவுக்கட்டோட பேப்பர்ல வருவான், பாருங்க."

சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் வாய் அரித்தது. "ஆமாண்ணே, என்னைக்கூட நிறுத்தி செல் நம்பரெல்லாம் எழுதிக்கிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான். மூன்று கதைகளுக்கும் நான்தான் நேரில் பார்த்த சாட்சி ஆகிவிட்டேன்! சாயங்காலம் எங்கள் தெருவில் அது, "அந்தக் காலேஜ் பையனை ஏதோ கொலைக் கேசுல நிறுத்தி விசாரிச்சாங்களாம்" என்று முடிந்தது. அம்மாவின் காதுக்கு அது போய்ச் சேர்ந்த விதத்தை இங்கே எழுதப் போவதில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைப் போலீஸ் சாலையில் நிறுத்தினார்கள் என்றால், நிறுத்தி விட்டுவிட்டார்கள் என்றாலும் சரி, நிறுத்தும்போது சுட்டுவிட்டார்கள் என்றாலும் சரி, நாம் ஏன் உடனே ஒரு கதையைக் கட்டுகிறோம்? தப்பு நம் மேலா, அவர்கள் மேலா?

அமெரிக்காவில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நம்மூருக்கு அப்புறம் வருவோம்.

ஒன்பது நிமிடத்தில் இரண்டு முறை

2022 நவம்பர் 13. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற சிற்றூரில், ஒரே வீட்டில் நான்கு கல்லூரி மாணவர்கள் குத்திக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 30ஆம் தேதி பிரையன் கோபெர்கர் என்பவர் பென்சில்வேனியாவில் கைதானார். பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர்!

கைதுக்குப் பிறகு ஒரு தகவல் வெளியே வந்தது. டிசம்பர் 15 அன்று அவரும் அவர் அப்பாவும் காரில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இண்டியானா மாநிலத்தில் போலீஸ் அந்தக் காரை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறது. முதலில் காலை 10.41க்கு ஒரு மாவட்டக் காவலர். சுமார் ஒன்பது நிமிடம் கழித்து மாநிலப் போலீஸ்காரர் ஒருவர். இரண்டு முறையும் சொன்ன காரணம் ஒன்றுதான்: முன்னால் போகும் வண்டியை ரொம்ப நெருங்கிப் போனது. இரண்டு பேருமே எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

கேட்க வேண்டுமா? ஊரே துப்பறிய ஆரம்பித்தது. "பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை தற்செயலாக நிறுத்துவார்களா? எஃப்.பி.ஐ. சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று கேமராவில் பதிவு செய்யத்தான் இந்த நாடகம்" என்றது ஒரு கூட்டம். "நான்கு பேரைக் கொன்றவனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கோட்டை விட்டார்களே" என்றது இன்னொரு கூட்டம். எங்கள் டீக்கடை பெஞ்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மொழி மட்டும்தான்.

உண்மை என்ன? நிறுத்தச் சொல்லி தாங்கள் கேட்கவில்லை என்று எஃப்.பி.ஐ. மறுத்தது. ஓட்டுபவர் ஒரு கொலை வழக்கில் சந்தேகிக்கப்படுகிறார் என்ற தகவல் அப்போது தங்களிடம் இல்லை என்று இண்டியானா போலீஸ் சொன்னது. போலீஸ் இப்படித்தானே சொல்லும் என்பீர்கள். சரி, அதை நம்ப வேண்டாம். தேதிகளைப் பாருங்கள்.

சம்பவ இடத்தில் கிடைத்த மரபணுவை வைத்து வம்சாவளி தேடி கோபெர்கரின் பெயரை எஃப்.பி.ஐ. விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்தது டிசம்பர் 19ஆம் தேதி. அதாவது கார் நின்ற நான்கு நாளைக்குப் பிறகு. இது பின்னால் நீதிமன்ற விசாரணையில் தெரிய வந்தது. இன்னொன்று. வெள்ளை நிற ஹூண்டாய் எலான்ட்ரா பற்றித் தகவல் தரும்படி டிசம்பர் 7ஆம் தேதியே போலீஸ் பொதுமக்களைக் கேட்டிருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது 2011 முதல் 2013 வரை வந்த மாடல். கோபெர்கர் ஓட்டியது 2015 மாடல். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நெடுஞ்சாலையில் நிற்கும் ஒரு காவலருக்கு அது எப்படிப் பொறி தட்டும்?

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கொலைகளுக்கு முன்பே, 2022 ஆகஸ்ட் 21 அன்று, இதே கோபெர்கரை சீட் பெல்ட் போடாததற்காக ஐடஹோவில் ஒரு காவலர் நிறுத்தினார். அப்போது அவர் தன் செல்போன் எண்ணைக் கொடுத்தார். அந்தக் காவலருக்கு அன்று ஒன்றும் தெரியாது. தெரிய வழியும் இல்லை, குற்றமே நடக்கவில்லையே! ஆனால் அன்று எழுதி வைத்த அந்த எண்தான் பின்னால் அவருடைய போன் எங்கெங்கே இருந்தது என்று தேட ஒரு பிடியாக இருந்தது. 2025 ஜூலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்கு ஆயுள் தண்டனை, பரோல் கிடையாது.

ஆக, சாலையில் வண்டியை நிறுத்துவது என்பது கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் மந்திரம் இல்லை. அது ஒரு பதிவு. இந்த ஆள், இந்த வண்டி, இந்த இடம், இந்த நேரம். அதன் மதிப்பு பின்னால்தான் தெரியும். எங்கள் ஊர் நோட்டில் என் பெயர் இருப்பதும் அதுதான்.

அதிர்ஷ்டம் என்னும் அதிகாரி

பிடிபடுவதிலும் இதே கதைதான். 1995 ஏப்ரல் 19 அன்று ஒக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்ற திமோத்தி மெக்வே, ஒன்றரை மணி நேரத்தில் சாலையில் பிடிபட்டான். எப்படி? காரில் நம்பர் பிளேட் இல்லை. நிறுத்திய போலீஸ்காரருக்குக் குண்டுவெடிப்பைப் பற்றிய சந்தேகமே கிடையாது. மறைத்து வைத்திருந்த துப்பாக்கிக்காக உள்ளே வைத்தார்கள். ஜாமீனில் வெளியே போக இருந்த நேரத்தில்தான் இவன்தான் அவன் என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் 1981 ஜனவரியில் சிக்கியதும் போலி நம்பர் பிளேட்டால்தான். அதற்கு முன் போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்து விட்டிருந்தது. ஒன்பது முறை!

நம் பக்கமும் உண்டு. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நாடே சிவராசனைத் தேடியது. சுவரெல்லாம் படம். அப்படியும் அவரும் சுபாவும் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலி டேங்கர் லாரிக்குள் உட்கார்ந்து! அந்த வழக்கு நடந்த தடா நீதிமன்றம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூந்தமல்லியில்தான். பெங்களூர் சாலையில் டேங்கர் லாரி போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். தடுப்பு போட்டு நிற்கும் காவலர் ஒவ்வொரு டேங்கரின் மூடியையும் திறந்து எட்டிப் பார்க்க முடியுமா? "விட்டுட்டாங்க" என்று சொல்வது ரொம்ப சுலபம்.

சரி, இதை வைத்து "போலீஸைச் சந்தேகிக்காதீர்கள், எல்லாம் தற்செயல்" என்று அறிவுரை சொல்லி முடிக்கப் போகிறேன் என்று நினைத்தால்.. இல்லை. இனிமேல்தான் விஷயமே.

நம்மூர் வாகன சோதனை

நம்மூரில் "வாகன சோதனை" என்ற சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும்.

2023 ஆகஸ்ட் 1, அதிகாலை. கூடுவாஞ்சேரி அருகே வாகன சோதனை. போலீஸ் சொன்னது: வேகமாக வந்த கார் போலீஸ் ஜீப்பில் மோதியது, உள்ளே இருந்தவர்கள் ஆயுதத்தால் உதவி ஆய்வாளரைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம். கொலை வழக்குகள் இருந்த இரண்டு பேர் செத்தார்கள். மற்றவர்கள் தப்பி ஓடினார்கள்.

2024 செப்டம்பர் 18, அதிகாலை. மறுபடியும் வாகன சோதனை. போலீஸ் சொன்னது: நிற்கச் சொன்ன கார் நிற்கவில்லை, விரட்டினோம், வியாசர்பாடியில் அவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார், திருப்பிச் சுட்டோம். செத்தவர் காக்காத்தோப்பு பாலாஜி. கொலை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் அவர் மேல் இருந்தன.

அந்த ஜூலை 5ஆம் தேதிதான் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். அந்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர் ஜூலை 14 அதிகாலை மாதவரம் பக்கத்தில் சுடப்பட்டு இறந்திருந்தார். ஆகவே பாலாஜி சாவையும் அதோடு முடிச்சுப் போட்டு ஊர் பேசியது. சம்பந்தம் இல்லை என்று போலீஸ் சொன்னது. யார் கேட்டார்கள்? ஒரு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 23 அதிகாலை, ஆந்திராவிலிருந்து பிடித்து வரப்பட்ட இன்னொருவர் சென்னையின் தெற்குப் பக்கத்தில் சுடப்பட்டார். மூன்றுமே விடியாத நேரம். மூன்றிலும் தற்காப்பு.

இவை பொய் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நான் அங்கே இல்லை. பிரச்னையே அதுதான்! நீங்களும் அங்கே இல்லை. அதிகாலையில் அந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டு தரப்பு. ஒரு தரப்பு இப்போது பேசாது.

நிற்காமல் போனான் என்பதாலேயே ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவதும் இல்லை. 2018 மார்ச் 7 அன்று திருச்சி திருவெறும்பூர் பக்கத்தில் ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன ஒரு தம்பதியை ஆய்வாளர் ஒருவர் விரட்டிப் போய் வண்டியை எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விழுந்து இறந்தார். அதைப் படித்தவர்களுக்கு இரவில் டார்ச் அடித்தால் கால் தானாக நடுங்கும்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பிடிபட்டவர்கள் எல்லோருக்கும் தவறாமல் கை கால் முறிகிறது. பாலத்திலிருந்து குதித்தார், பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். மாவுக்கட்டோடு போட்டோ. நாமும் பார்த்துவிட்டுச் சிரிக்கிறோம். "நல்லா வழுக்கியிருக்கு" என்று கமெண்ட் அடிக்கிறோம். போலீஸ் சொல்வதைப் போலீஸே நம்பவில்லை, நாமும் நம்பவில்லை, ஆனால் இரண்டு பேரும் கண்ணடித்துக்கொள்கிறோம். இப்படிப் பழக்கப்பட்ட ஊரில், ஒரு நாள் போலீஸ் உண்மையைச் சொன்னால் அதை எப்படி அடையாளம் காண்பது? புலி வருது கதைதான்.

2020 ஜூன் 19 சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் உருண்டதால்தான் காயம் என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. கடைத்தெரு கேமரா அப்படிச் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குள்ளும் கேமரா இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். வெளியே இருந்த ஒரு கேமரா பேசியது. உள்ளே இருந்த கேமரா ஊமை ஆக்கப்பட்டிருந்தது.

இப்போது இண்டியானாவை நினைத்துப் பாருங்கள். கைது நடந்து சில நாட்களிலேயே, 2023 ஜனவரி 3ஆம் தேதி, அந்த வண்டி நிறுத்தத்தின் காட்சி வெளியே வந்துவிட்டது. காவலர் கேட்டது, அப்பா சொன்னது, மகன் முழித்தது எல்லாம் எல்லோரும் பார்த்தாயிற்று. யூகம் உடனே நிற்கவில்லைதான். ஆனால் யூகத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் கிடைத்தது. நமக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பத்திரிகைச் செய்தி. அதிலும் "தப்பி ஓட முயன்றபோது" என்ற வரி.

அவர்கள் அமெரிக்கா, பணக்கார நாடு என்பீர்கள். அங்கேயும் போலீஸ் அத்துமீறல் எக்கச்சக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் பல நேரம் வெளியே தெரிவது இதே காட்சிப் பதிவுகளால்தானே?

இரண்டு கமிஷன்கள்

அப்படியானால் மக்கள் சந்தேகிப்பது எப்போதும் சரியா? அதுவும் இல்லை. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, ஹைதராபாத். ஒரு கால்நடை மருத்துவரைக் கொடூரமாகக் கொன்றதாகக் கைதான நான்கு பேர் 2019 டிசம்பர் 6 அதிகாலை சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள். சுப்ரீம் கோர்ட் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022இல் வெளியான அறிக்கையில், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. அந்த நால்வரில் மூன்று பேர் பதினெட்டு வயதாகாதவர்கள் என்றும் சொன்னது. பூ தூவியவர்களுக்கு அன்று ஒரு சந்தேகமும் வரவில்லை.

இரண்டாவது, உத்தரப் பிரதேசம். எட்டு போலீஸ்காரர்களைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட விகாஸ் துபே, மாநிலம் மாநிலமாகத் தப்பித்து 2020 ஜூலை 9 அன்று உஜ்ஜைன் கோயிலில் பிடிபட்டார். மறுநாள் காலை கான்பூருக்குக் கொண்டு வரும் வழியில் போலீஸ் வண்டி கவிழ்ந்தது, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார், சுட்டோம் என்றார்கள். அதற்குச் சற்று முன்புதான் பின்னால் வந்த பத்திரிகைக்காரர்களின் வண்டிகளைச் சாலையில் போலீஸ் நிறுத்தியிருந்தது. அந்த வீடியோவை நாடே பார்த்தது. "இது நாடகம்" என்று சொல்லாத வாய் இல்லை. பிறகு நீதிபதி பி.எஸ். சௌகான் தலைமையில் கமிஷன். போலீஸ் சொன்னதை மறுக்க ஆதாரம் இல்லை என்றது அதன் அறிக்கை. ஏன் இல்லை? மறுத்துச் சாட்சி சொல்லப் பொதுமக்களிலிருந்தோ பத்திரிகைகளிலிருந்தோ யாரும் முன்வரவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாடு முழுக்கப் பேசினோம், கேட்க ஒரு இடம் வைத்தபோது யாரும் போகவில்லை. பயம் இருக்கும், புரிகிறது. ஆனால் நம் யூகம் எவ்வளவு மலிவானது என்பதும் புரிகிறது. டீக்கடையில் சொல்லக் காசு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். நானும் அப்படித்தானே "என்னைக்கூட நிறுத்தினாங்க" என்று ஊதிவிட்டேன்?

தடுப்புக்கு அந்தப் பக்கம்

டார்ச் பிடித்து நிற்பவரின் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். 2020 ஜனவரி 8 இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த வருடம் நவம்பர் 21 அதிகாலை, திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போன பைக்குகளை விரட்டிப் போய்ப் பிடித்தார். தனி ஆளாக. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்டுக்காக!

வரும் வண்டியில் இருப்பவன் என்னைப் போலக் காலேஜ் பையனா, மடியில் அரிவாள் வைத்திருப்பவனா என்று அவருக்குத் தெரியாது. போலீஸ் சொல்லும் "தற்காப்பு" என்ற சொல் இந்த இரண்டு பேருக்காகவாவது உண்மையான சொல்லாக இருக்க வேண்டும். அதைக் கண்ட கண்ட இடத்தில் செலவழித்தால், உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து வந்த காவலர் சொல்லும்போதும் ஊர் சிரிக்கும். மாவுக்கட்டு ஜோக்கில் அதிகம் நஷ்டப்படுவது நேர்மையாக ராத்திரி டியூட்டி பார்க்கும் போலீஸ்காரர்தான்.

என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான். யூகம் ஒரு நோய் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் முளைக்கும் களை. பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுப் பிரயோசனம் இல்லை, அந்த இடத்தில் தகவலை நட வேண்டும்.

புதிதாகச் சட்டம்கூட அதிகம் வேண்டாம். என்கவுன்டர் சாவு நடந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சம்பந்தப்பட்ட போலீஸாரே விசாரிக்காமல் சி.ஐ.டி.யோ வேறு நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும் என்று 2014 செப்டம்பர் 23 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் பதினாறு விதிகள் கொடுத்தது. காவல் நிலையங்களில் கேமரா வைத்து, பதிவைப் பதினெட்டு மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. செல்போனே போதும் என்கிறது.

சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் சிலர் சட்டையில் கேமரா மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஹெல்மெட் போடாத என்னைப் படம் பிடிக்க அது இருக்கிறது. தேடப்படும் குற்றவாளியின் காரை விடியற்காலையில் மடக்கும் குழுவுக்கு அது இருக்க வேண்டாமா? அங்கேதான் முதலில் வேண்டும். அப்படிப் பதிவானது மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். விசாரணை முடிந்ததும் அறிக்கை மக்களுக்குக் கிடைக்க வேண்டும். அரசாங்கத்துக்கு இது பெரிய செலவில்லை. கேமரா பொய் சொல்லாது, சொன்னாலும் பிடித்துவிடலாம் என்ற பயம் இரண்டு தரப்புக்கும் நல்லது.

நம் பங்குக்கு ஒன்றே ஒன்று. கேள்வியும் கதையும் வேறு வேறு. "ஏன் நிறுத்தினீர்கள், யார் உத்தரவு, பதிவு எங்கே" என்பது கேள்வி. அதைச் சத்தமாகக் கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை. "வேணும்னே விட்டிருக்காங்க", "அவன் ஆளுதான் போட்டுக் கொடுத்திருக்கான்" என்பது கதை. கேள்வி பதிலைத் தேடிப் போகும். கதைக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும். அந்த ஆள் என்னைப் போல வழியில் போனவனாகக்கூட இருக்கலாம். உங்களுக்கு நிஜமாகவே ஏதாவது தெரிந்தால், அதைச் சொல்ல வேண்டிய இடம் டீக்கடை இல்லை.

முடிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் அதே இடத்தில் மறுபடியும் செக்கிங். அதே போலீஸ்காரர். என்னை ஞாபகம் வைத்திருந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அன்னைக்கு நிஜமாவே யாரையாவது தேடினீங்களா?"

சிரித்தார். "தேடியிருந்தா உன்கிட்ட சொல்வேனா தம்பி? தேடலைன்னு சொன்னா நீதான் நம்புவியா?"

என்னிடம் பதில் இல்லை. "பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு டார்ச் அடிக்கப் போய்விட்டார்.

அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்று சொல்லும் காலம் வர வேண்டும். அதுவரை எங்கள் டீக்கடையில் மூன்று கதைகளும் சூடாகவே இருக்கும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?